நாலு விரல் உயரம்

பஞ்சக்கா என்ற பெயரை வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. அவள் கையில் எந்நேரமும் ஒரு பிடி பஞ்சு இருக்கும். மெத்தையில் அடைக்கிற பஞ்சு இல்லை. நூல் ஆலையில் கழித்துப்போடும் அழுக்குப் பஞ்சு. அதில் எண்ணெய் தொட்டு இரும்பைத் துடைப்பதுதான் அவள் வேலை. வேலை முடிந்து கிளம்பினாலும் பஞ்சு கையோடு வந்துவிடும். ஒருமுறை வங்கி வரிசையில் நின்றவள், பொழுது போகாமல் பக்கத்திலிருந்த பித்தளைக் கம்பியைத் தேய்த்துத் தேய்த்துத் தங்கமாக்கிவிட்டாள். "நாளைக்கும் வாங்கக்கா, கதவுப் பிடி பாக்கி இருக்கு" என்றாராம் காவலாளி.

அவள் துடைத்தது ஒரே ஒரு எஞ்சினை. ரயில் நிலையத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நிற்கும் பழைய நீராவி எஞ்சின். வாசலில் காட்சிக்கூடம் என்று பலகை இருந்தாலும், உள்ளே காட்சி அது ஒன்றுதான். அதன் உடன்பிறப்புகள் எல்லாம் வெட்டுப்பட்டுப் பழைய இரும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. இதன் சக்கரம், குழாய், திருகு என்று பஞ்சக்கா கை படாத இடம் கிடையாது. சின்ன வயசுக்காரியாக வந்து சேர்ந்தவளுக்கு இப்போது முன்தலை முழுக்க நரை.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்கலாம். அதிசயம்தான். அவளுடைய அப்பாவைக் கொன்றது இந்த எஞ்சின்.

அப்பா இதில் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன். நீராவி எஞ்சினின் வயிற்றுக்குள் ஓர் அடுப்பு இருக்கிறது. அடுப்பைச் சுற்றிலும், அதன் கூரைக்கு மேலேயும் தண்ணீர். கூரை மேல் தண்ணீர் நிற்கிறவரை எவ்வளவு தீ எரிந்தாலும் பயமில்லை. தண்ணீர் இறங்கிக் கூரை காய்ந்துவிட்டால் உலோகம் இளகிப் பிய்த்துக்கொள்ளும். அப்புறம் கொதிநீரும் ஆவியும் அடுப்புக் கதவு வழியாகப் பாய்ந்து எதிரே நிற்கிறவன் மேல் விழும். அதற்காகத்தான் தண்ணீர் மட்டத்தைக் காட்ட ஒரு கண்ணாடிக் குழாய் வைத்திருக்கிறார்கள். அதன் அடிமுனை அடுப்புக் கூரையைவிட மேலே இருக்கும். ஆக, கண்ணாடியில் துளி தண்ணீர் தெரிந்தாலும் போதும், கூரை நனைந்திருக்கிறது என்று நிம்மதியாக இருக்கலாம். அந்தக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் இருப்பது ஃபயர்மேன் பொறுப்பு.

பஞ்சக்கா பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த காலத்தில், மலைப்பாதையில் ஒரு நாள் அடுப்புக் கூரை பிய்ந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்ததால் வெந்த கையோடு பிழைத்தார். அப்பா மருத்துவமனையில் ஒரு ராத்திரி கிடந்து போய்விட்டார். கண்ணாடியைக் கவனிக்காமல் தண்ணீர் தீரவிட்டார் என்று விசாரணையில் சொன்னார்கள். ஊர் அதோடு விடுமா? தூங்கியிருப்பான் என்றது. குடித்திருப்பான் என்றது. வாழ்நாளில் டீயைத் தவிர வேறெதுவும் குடிக்காத மனுஷன் அவர். ரயில்வே குடியிருப்பை உடனே காலி செய்யச் சொன்னார்கள். அம்மா மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறி, அதே மருத்துவமனையில் துணி துவைக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அதன்பின் ரயில் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். எஞ்சின் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

மகள் நேரெதிர். வளர்ந்ததும் நேராக இந்தக் கொட்டகைக்கு வந்து வேலை கேட்டாள். ஊர் வாயைப் பிளந்தது. "அப்பனை முழுங்கின எஞ்சினை எப்படிடி தொட்டுத் துடைக்கிறே?" என்று கேட்காதவர் இல்லை. அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எஞ்சின் என்ன பண்ணும்? பாத்துக்க வேண்டியவர் பாத்துக்கல. அவர் விட்டதை நான் பாத்துக்கறேன்."

அப்பா செய்த தப்புக்கு மகள் பஞ்சும் எண்ணெயுமாகப் பரிகாரம் செய்துகொண்டிருந்தாள். நாளெல்லாம் குனிந்து தேய்த்தாள். நிமிர்ந்து யாரிடமும் பேசமாட்டாள். அப்படியே முதுகும் வளைந்துவிட்டது.

அவளுக்கு வேலை கொடுத்தது டீச்சரம்மா. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர்; இந்த எஞ்சினை வடிவமைத்த பொறியாளரின் ஒரே மகள். இதையும் வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் தண்டவாளத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டவர். கொட்டகை வந்தது, பலகை வந்தது, சுவரில் அவர் அப்பாவின் படம் வந்தது, எல்லாம் அந்த நாற்காலியால்தான். கல்யாணம் காட்சி என்று எதையும் பார்க்காமல் அப்பா பெயரைக் காப்பாற்றுவதே வேலையாக வாழ்ந்துவிட்டார். நல்ல மனுஷி. அதையும் சொல்லியாக வேண்டும்.

பார்க்க வருகிறவர்களுக்கு அவரே விளக்கம் சொல்வார். வலது கை விரல்கள் நாலையும் சேர்த்து, படுக்கை வசத்தில் உயர்த்திக் காட்டுவார்.

"அந்தக் காலத்து எஞ்சின்கள் இந்த மலையில பாதியில நின்னு மூச்சு வாங்கும். எங்கப்பா யோசிச்சார். அடுப்போட கூரையை இதோ, இந்த நாலு விரல் அளவு உயர்த்தினார். அவ்வளவுதான். சூடு கூடிச்சு, கரி மிச்சமாச்சு, மலை பணிஞ்சது. நாலே நாலு விரல்!"

கூட்டம் கைதட்டும். ஓரமாகக் குனிந்து தேய்த்துக்கொண்டிருக்கும் பஞ்சக்காவும் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் கைதட்டுவாள்.

டீச்சரம்மா அவளைக் கீழாக நடத்தியதே இல்லை. சாயங்காலமானால் இருவரும் எஞ்சின் படியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். பேச்சுவாக்கில் சில நாள் அவள் தோளைத் தட்டிக்கொடுப்பார். "உங்கப்பா மேல எனக்குக் கோபமே இல்ல பஞ்சு. மனுஷன்னா கண் அசரத்தான் செய்யும்." பஞ்சக்காவுக்கு அழுகை முட்டும். என்ன பெரிய மனசு என்று நெகிழ்ந்துபோவாள். யாரை யார் மன்னித்தார்கள் என்று இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

அந்த எஞ்சினை மறுபடி ஓட்டிக் காட்டுவது என்று முடிவானபோது கொட்டகையே கல்யாண வீடு மாதிரி ஆனது. பாய்லர் வேலைக்கு வெளியூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். வாய் ஓயாத ஆள். சுத்தியலும் வாயும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். துருப்பிடித்த குழாய்களை மாற்றி, தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார். "கல்லு மாதிரி இருக்கு" என்று சான்றிதழ் கொடுத்தார். மிச்சமிருந்தது கறுப்பு வண்ணம் பூசுவது ஒன்றுதான். அதற்குப் பழைய வண்ணத்தைச் சுரண்டியெடுக்க வேண்டும்.

டிரைவர் நிற்கும் அறையைப் பஞ்சக்கா தானே எடுத்துக்கொண்டாள். அங்கேதான் பாய்லரின் பின்பக்கம் முகம் காட்டிக்கொண்டு நிற்கும். கீழே அடுப்புக் கதவு, மேலே தண்ணீர்க் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் ஒரு பித்தளைத் தகடு. தகட்டில் வடிவமைத்தவர் பெயர். வேலைக்கு வந்த நாளிலிருந்து காலையில் அவள் முதலில் துடைப்பது அந்தத் தகட்டைத்தான். தேய்த்த தேய்ப்பில் எழுத்தே பாதி மழுங்கியிருந்தது.

அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைக் கழற்றினாள். நாலு திருகாணியையும் எடுத்துப் பஞ்சில் சுற்றி வைத்துக்கொண்டு பின்னால் பார்த்தால், இரும்பில் வட்டமாக ஒரு தழும்பு.

"இது என்ன மேஸ்திரி, எஞ்சினுக்குத் தொப்புளா?"

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஓட்டைக்கா. யாரோ திருகு ஏத்தி அடைச்சு, தலையை வெட்டி, அரத்தால ராவி விட்டிருக்காங்க. நல்ல கைவேலை."

அவள் மேலே சுரண்டிக்கொண்டே போனாள். வண்ணம் சுருள் சுருளாக உதிர்ந்தது. கண்ணாடியின் மேல்முனைக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு வட்டம். ஆக இரண்டு. இப்போது கண்ணாடி மாட்டியிருக்கும் துளைகளுக்கு நேர் கீழே, ஒன்றுக்கு ஒன்று ஜோடியாக. பஞ்சக்காவுக்குக் குஷி தாங்கவில்லை. எஞ்சினின் ஒவ்வொரு அங்குலமும் தெரியும் என்று நினைத்தவளுக்கே தெரியாமல் ஒரு மச்சம்! குழந்தை மாதிரிக் கத்தினாள்.

"டீச்சர்! ஓடி வாங்க, புதுசா ஒண்ணு காட்டறேன்!"

டீச்சரம்மா படியேறி வந்தார், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு. "என்னடி இவ்வளவு சத்தம்?" என்று சிரித்துக்கொண்டேதான் குனிந்தார். கீழ்வட்டத்தைத் தடவினார். மேலே இருக்கும் துளையைப் பார்த்தார். பழக்க தோஷம், வலது கையின் நாலு விரல்களையும் சேர்த்து இரண்டுக்கும் நடுவே வைத்தார்.

அச்சு வார்த்த மாதிரி பொருந்தியது.

முகத்திலிருந்த சிரிப்பு அணைந்தது. கையை எடுத்து மேல்வட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதே நாலு விரல்.

"பஞ்சு, கண்ணாடி முதல்ல கீழே இருந்திருக்கு."

"சரி டீச்சர். அப்புறம் ஏன் மேலே ஏத்தினாங்களாம்?"

வந்த பதில் டீச்சரம்மா குரல் மாதிரியே இல்லை. "அப்பா அடுப்புக் கூரையை நாலு விரல் உயர்த்தினார் இல்ல... கண்ணாடியை உயர்த்தல. பழைய எஞ்சின்ல இருந்த இடத்துலயே விட்டுட்டார். மறந்திருக்கார்."

பஞ்சக்காவுக்கு உடனே உறைக்கவில்லை. மேஸ்திரிக்கு உறைத்துவிட்டது. சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அப்புறம்தான் அவளுக்கு மெதுவாக ஏறியது. கூரை மேலே போய்விட்டது, கண்ணாடி கீழேயே நின்றுவிட்டது. அப்படியானால் கண்ணாடியில் தண்ணீர் தெரியும்போதே கூரை காய்ந்திருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தாலும் காய்ந்திருக்கும். கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் காய்ந்திருக்கும். இதே அமைப்பில் செய்த மற்ற எஞ்சின்களில் கண்ணாடி நிறையத் தண்ணீர் வைத்து ஓட்டியதால் பிழைத்தார்கள். அன்றைக்கு மலையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. இறங்கினாலும் கண்ணாடியில் தெரிந்திருக்கிறது. தெரிந்ததை நம்பி அப்பா கரி போட்டிருக்கிறார்.

டிரைவர் இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப... எங்கப்பா தூங்கலையா டீச்சர்?"

டீச்சரம்மா அவளைப் பார்க்கவில்லை. பித்தளைத் தகட்டையே பேயறைந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தத் தகட்டை அப்பா தன் கையாலேயே மாட்டினார். அந்த விபத்துக்கு அப்புறம் ரிப்பேர் முடிஞ்சு எஞ்சின் பட்டறையை விட்டுக் கிளம்பின அன்னிக்கு. நான் கூட இருந்தேன். பெருமையா இருந்துச்சு எனக்கு. திருகாணியை ஒண்ணொண்ணா எடுத்துக் கொடுத்தது நான்தான்."

அந்தப் பொறியாளருக்குத் தன் தப்பு தெரியாமல் போயிருந்தால்கூட மனசு ஆறும். தெரிந்திருக்கிறது. தெரிந்து, துளையை அடைத்து, கண்ணாடியை மேலே ஏற்றி, அதன் மேல் தன் பெயரையே அறைந்து மூடியிருக்கிறார். செத்தவன் தூங்கினான் என்று ஊர் பேசியபோது வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெயரைத்தான் பஞ்சக்கா தினமும் காலையில் எச்சில் படாமல், கீறல் விழாமல் துடைத்திருக்கிறாள். சீ என்று வந்தது அவளுக்கு. தன் கையைத் தானே பார்த்துக்கொண்டாள்.

"மாட்டிடு பஞ்சு" என்றார் டீச்சரம்மா திடீரென்று. "தகட்டை மாட்டிடு. நாளைக்குக் காலையில பெயின்ட் அடிக்க வர்றாங்க."

"டீச்சர்..."

"மாட்டிடுன்னு சொல்றேன்ல!"

அத்தனை வருஷத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல்முறை. விடுவிடுவென்று படியிறங்கிப் போய்விட்டார். ஒரு செருப்பு படியிலேயே கழன்று விழுந்தது. திரும்பி எடுக்கவில்லை.

பஞ்சக்கா தகட்டைத் தொடவில்லை. எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அம்மா கதவைத் திறந்ததும், "என்னடி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? கையில என்ன?" என்று கேட்டாள். கையைப் பிரித்தால் பஞ்சு. பஞ்சுக்குள் நாலு திருகாணி.

அந்த வீட்டில் எஞ்சின் பேச்சு கிடையாது. அன்றைக்குப் பேசினாள். கூரை, கண்ணாடி, அடைத்த துளை, தகடு என்று ஒன்று விடாமல் சொன்னாள். அம்மா எழுந்து போகவில்லை. காய் நறுக்கிய கத்தியைப் பிடித்த கை பிடித்தபடி கேட்டாள்.

"அதைத்தான்டி அவர் சொன்னாரு."

"எதும்மா?"

"ஆஸ்பத்திரியில. விடிய விடிய அதே பேச்சு. கண்ணாடியில தண்ணி இருந்துச்சு, கண்ணாடியில தண்ணி இருந்துச்சுன்னு. ஜுரத்துல பிதற்றாருன்னு டாக்டர் சொன்னாரு. நானும் சரிங்க, சரிங்கன்னு தலையைத் தடவிக்கிட்டே இருந்தேன். ஏதோ குடிக்கத் தண்ணி கேக்கறாருன்னு நினைச்சு வாயை நனைச்சு விட்டேன்." அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "உண்மையைச் சொல்லிட்டுப் போயிருக்காரு மனுஷன். கேக்கத்தான் ஆளில்ல."

அப்பா கடைசியாகப் பேசியது என்னவென்று மகளுக்கு இத்தனை வயசுவரை தெரியாது.

"நாளைக்கு என்னை அங்கே கூட்டிட்டுப் போ" என்றாள் அம்மா. "என் கண்ணால பாக்கணும்."

பஞ்சக்கா திருகாணிகளை மறுபடி பஞ்சில் சுற்றினாள். நாளைக்கு அங்கே பார்க்க என்ன மிச்சமிருக்கும்? காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். திருகாணி தன்னிடம் இருந்தால் என்ன, மேஸ்திரி பெட்டியில் இல்லாத திருகாணியா? கறுப்பை இரண்டு கை பூசி, தகட்டை அறைந்துவிட்டால் கதை முடிந்தது. அப்புறம் பைத்தியக்காரி ஏதோ உளறுகிறாள் என்பார்கள். அப்பா பிதற்றினார், மகள் உளறுகிறாள். குடும்பப் பழக்கம் என்று சிரிப்பார்கள்.

மறுநாள் இருவரும் கிளம்பினார்கள். அம்மாவுக்கு முட்டிவலி. பத்தடிக்கு ஒரு முறை நிற்பாள். பஞ்சக்காவுக்கோ அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூடத் தோன்றியது. கொட்டகை வாசலுக்கு வரும்போதே பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. உள்ளே எஞ்சின் கன்னங்கரேலென்று மின்னியது. முன்முகம் முடிந்திருந்தது, பாய்லர் முடிந்திருந்தது, சக்கரமும் முடிந்திருந்தது. மேஸ்திரி அவளைக் கண்டதும் தலை குனிந்துகொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாத குறையாக டிரைவர் அறைப் படியில் ஏறினாள்.

ஏறியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

டீச்சரம்மா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் பஞ்சு. விரலெல்லாம் எண்ணெய், புடவையெல்லாம் கரி. கண்ணாடியைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சொட்டுக் கறுப்புப் படாமல் இரும்பு வெறுமையாக இருந்தது. நடுவில் அடைத்த துளைகள் இரண்டும் காசு மாதிரிப் பளபளத்தன. உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்திருக்கிறார். தேய்த்துப் பழக்கமில்லாத கை. விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"பெயின்ட்காரங்க கிட்ட இங்க மட்டும் கை வைக்காதீங்கன்னு சொல்லிட்டேன்" என்றார், தலை நிமிராமல். "ராத்திரி முழுக்க மாட்டிடலாம்னுதான் இருந்தேன் பஞ்சு. பொய் சொல்ல மாட்டேன். காலையில வந்து தகட்டைக் கையில எடுத்தேன். திருகாணி எங்கேன்னு தேடினேன். இப்பவும் தேடறேன் பாரு, அன்னிக்கு மாதிரியே எடுத்துக் கொடுக்க."

கீழேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "என்னைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க."

மேலேயிருந்து டீச்சரம்மா கையைக் கொடுத்தார். கீழேயிருந்து மேஸ்திரி தாங்கினார். அம்மா ஏறி, மூச்சு வாங்கி, முதலில் அடுப்புக் கதவைப் பார்த்தாள். அதற்கு எதிரே இருந்த இடத்தைப் பார்த்தாள். அங்கேதான் அவர் நின்றிருப்பார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நீங்க யாரு?" என்று டீச்சரம்மாவைக் கேட்டாள்.

"இதைச் செஞ்சவரோட பொண்ணும்மா. தப்பு உங்க வீட்டுக்காரர் மேல இல்ல. எங்கப்பா மேல. இனிமே இங்க வர்றவங்களுக்கெல்லாம் நானே சொல்றேன். இந்த வாயாலதான் அந்தக் கதையைச் சொன்னேன், இந்த வாயாலயே இதையும் சொல்றேன்."

அம்மா தலையாட்டவும் இல்லை, கோபப்படவும் இல்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பினாள். "எது?" என்றாள்.

பஞ்சக்கா காட்டினாள். இது அன்றைக்கு இருந்த இடம். இது இருந்திருக்க வேண்டிய இடம்.

அம்மா கையை நீட்டினாள். வாழ்நாளெல்லாம் துணி துவைத்துச் சுருங்கிப்போன கை. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவே விரல்களை ஒவ்வொன்றாக வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலோடு இடம் முடிந்துவிட்டது. ஐந்தாவதற்கு இடமில்லை. திரும்பி இருவரையும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அம்மா கையை அங்கிருந்து எடுக்கவே இல்லை.